பெயர்ப்பலகையும் மூச்சு போன இன்ஜினும்

பொட்டல் வெளியில் ஒரு ரயில் நிலையம். அதன் பெயர்ப்பலகையில் ‘பெருங்காரைமேலவளஞ்சுழிநல்லமங்கைக்குடிக்காடு’ என்று எழுதியிருந்தது. அங்கே எந்த ரயிலும் நிற்பதில்லை. நிலையத்தை இழுத்து மூடிவிட்டுத் தன்னைப் பிடுங்கி அடுப்பெரிக்கக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பலகைக்குப் பயம்.

ஒருநாள் சிக்னல் விழாமல் ஒரு இன்ஜின் அங்கே நின்றது.

“தம்பி, தினமும் இப்படி நின்னுட்டுப் போகக் கூடாதா?” என்று பலகை கேட்டது.

“ஊருக்குப் பேர்னு ஒண்ணு இருந்தா நிக்கலாம் அக்கா. இது பேரா? நாலு ஊரைச் சேர்த்து ஒட்டி வெச்சிருக்காங்க. ஒரே மூச்சில சொல்ல முடிஞ்சாத்தான் அது சொல்லு.”

பலகையின் நிழலில் படுத்திருந்த ஆடு அசை போட்டபடியே, “மலையெல்லாம் ஏறுறியாம். ஒரு பேரு ஏற முடியலையா?” என்றது.

இன்ஜினுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தது. ‘நல்லமங்கை’க்கு வந்ததும் புஸ்ஸென்று மூச்சு போய்விட்டது. பின்னால் நகர்ந்துபோய் மறுபடி ஆரம்பித்தது. மறுபடியும் நல்லமங்கையிலேயே நின்றது. அதற்குள் பயணிகள் இறங்கிக் கை கழுவி, கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள்.

“நேரமாச்சு அக்கா. மீதியை நாளைக்கு வந்து படிக்கிறேன்” என்றது இன்ஜின்.

“வா தம்பி” என்றது பலகை. “ஆனா முதல்ல இருந்துதான் படிக்கணும்.”