வேலைக்குப் போகாத காரணம்

"சிங்கப்பூர்ல நம்ம மலேசியாவவிட நிறைய பொம்பளைங்க வேலைக்குப் போறாங்கக்கா. இங்க ஏன் கம்மின்னு கேட்டுக்கிட்டு வர்றேன்," என்றாள் ஆய்வு மாணவி சிந்துஜா.

கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டில் கடைசி வீடு அது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு திலகா சிரித்தாள்.

"நீங்க ஏன் போகல? பிள்ளைங்களா?"

"பிள்ளை இல்ல."

"வீட்டுக்காரர் விடமாட்டாரா?"

"முன்ன விடமாட்டாரு. கேட்டாலே அடிதான். இப்ப அவரு சிங்கப்பூர்ல வேலை செய்றாருலா."

"அப்புறம் என்னக்கா? சுங்கை காடுட் பேக்டரி பஸ் இங்கயே வருதே!"

"வீட்ட விட்டுட்டுப் போக மனசு வரலம்மா. இரு, அமாவாசைச் சோறு வச்சிட்டு வந்துடறேன்."

கொல்லையில் ஓரிடத்தில் மட்டும் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தது. திலகா அதன்மேல் வாழையிலையை விரித்துச் சோறும் வடையும் வைத்து, "கா... கா..." என்று காகத்தை அழைத்தாள். பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து இலையோரம் வைத்தாள்.

பின்னாலேயே வந்த சிந்துஜா கேட்டாள். "படையல் உங்க அப்பாவுக்காக்கா?"

"அப்பா சிகரெட்டைத் தொடமாட்டாரு. இவருக்குத்தான் சாப்பிட்டதும் இது வேணும்," என்றாள் திலகா, திரும்பாமலே.

சொன்ன பிறகுதான் திரும்பினாள். சிந்துஜாவின் பார்வை சிமெண்டின்மேல் இருந்தது.

"உள்ள வாம்மா," என்றாள் திலகா. "நீயும் சாப்பிட்டுத்தான் போகணும்."