ரிப்பன் கட்டிய ஆடு

பாரிஸில் ஓர் ஓவியர் இருந்தார். பட்டுப் பாவாடை உடுத்திய இடைச்சிகளையும், கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய ஆடுகளையும் வரைவதில் கெட்டிக்காரர். பிரபுக்கள் வீட்டுச் சுவரெல்லாம் அவர் படம்தான். ஒருநாள், நிஜ ஆட்டைப் பார்த்து வரைந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வேலைக்காரன் சந்தைக்குப் போய் ஒரு செம்மறியைப் பிடித்துவந்து, பாதி வரைந்த படத்துக்கு முன்னால் கட்டினான்.

படத்து ஆடு அதை ஏற இறங்கப் பார்த்தது. "யார் நீ?"

"ஆடு."

"ஆடா? மேலெல்லாம் ஏன் இவ்வளவு சேறு? எங்கள் வம்சத்தில் யார் மேலும் சேறு கிடையாது. என் அப்பா இவருடைய குருவின் படத்தில் இருக்கிறார். தாத்தா இத்தாலியில், ஒரு தேவாலயச் சுவரில். தாத்தாவைப் பார்த்து அப்பாவை வரைந்தார்கள், அப்பாவைப் பார்த்து என்னை."

"உங்களில் யாராவது புல் தின்றதுண்டா?"

"சீ! பச்சை நிறம் கெட்டுவிடும்."

ஓவியர் வந்தார். செம்மறியைக் குளிப்பாட்டச் சொன்னார். ரிப்பனைத் தாமே கட்டப்போனார். செம்மறி அதைப் பிடுங்கித் தின்றுவிட்டது.

"ஆடு கேட்டால் எதையடா கொண்டுவந்தாய்?" என்று வேலைக்காரன்மேல் எரிந்து விழுந்தார். "இது ஆடு மாதிரியே இல்லையே!"

அவன் அதைச் சமையற்கட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மத்தியானம் ஓவியர் ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டு மென்றார்.

"அடடா!" என்றார் மனைவியிடம். "இதுவல்லவா ஆடு!"