தும்மாத பிள்ளை

“யார் பெத்த பிள்ளைம்மா இது? நாயோட நாயா கிடக்குது!”

சேல்ஸ்மேன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். சோபாவுக்குப் பின்னால் கொழுத்த நாய் ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது. அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு குழந்தை தூங்கியது. சேறு அப்பிய இரண்டு கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

“பகல்ல நான் பாத்துக்கிற பிள்ளைங்கள்ல ஒண்ணு சார்” என்றாள் வீட்டுக்காரி. “இப்பதான் தோட்டத்துல உருண்டுட்டு வந்து படுத்துச்சு.”

அவன் காற்றைச் சுத்தம் செய்யும் மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தான். இந்த மாதம் இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை. மேனேஜர் அவன் சீட்டைக் கிழிக்கக் காத்திருந்தார். பயமுறுத்தாமல் எவளும் வாங்க மாட்டாள் என்பது அவன் கற்ற ஒரே வித்தை.

“நாய் முடி, தூசி, எல்லாம் நுரையீரலுக்கு எமன்மா. என் பையனையே எடுத்துக்குங்க. வீடு முழுக்க இந்த மிஷின்தான். ஒரு தும்மல் கிடையாது!”

பையன் தும்மாதது என்னவோ உண்மைதான். அதே மிஷின்களுக்கு நடுவில் பொத்திப் பொத்தி வளர்ந்த மூத்தவள் இன்ஹேலரும் கையுமாக அலைவதை மட்டும் அந்தப் புண்ணியவான் எந்த வாசலிலும் சொன்னதில்லை. ஊருக்கு உபதேசம் அவன் பாடு, பிள்ளை வளர்ப்பு மனைவி பாடு. மாலையில் அவள் குளிப்பாட்டிப் பவுடர் பூசிக் கொண்டுவந்து நிறுத்தும் பிள்ளையைக் கொஞ்சுவதோடு அவன் கடமை முடிந்துவிடும்.

மேசைமேல் ஒரு கிண்ணம் இருந்தது. எட்டிப் பார்த்தவன் அலறினான்.

“வேர்க்கடலை அரைச்சு வச்சிருக்கீங்க! இதையுமா இந்தப் பிஞ்சுக்குக் குடுக்கறீங்க? அலர்ஜி வந்தா ஆளையே முடிச்சிடும்!”

“இவன் அம்மா டாக்டர்கிட்ட கேட்டுத்தான் சொல்லுச்சு. ஆறு மாசத்துலயே துளித்துளியா ஆரம்பிச்சது. சின்னதுலயே பழக்கிட்டா உடம்பு அதோட சண்டைக்குப் போகாதாம். மூத்ததோட ஒரு தடவ பட்டது போதும்னு சொல்லி அழுதுச்சு சார்.”

“டாக்டரும் சொன்னாராக்கும்!” இளப்பமாகச் சிரித்தான். “அழுதா ஆச்சா? அந்த அம்மாக்காரிக்குத்தான் புத்தி மழுங்கிப்போச்சு. அப்பன்னு ஒருத்தன் இருப்பானே, அவன் என்ன புல்லு புடுங்கிட்டு இருக்கானா? கேக்க மாட்டான்? இந்தக் கோலத்துல பெத்த பிள்ளையப் பாத்தா நாண்டுக்கிட்டுச் சாவான்!”

வீட்டுக்காரி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவரும் இதே மிஷின்தான் விக்கறாராம். உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா சொல்லிடாதீங்க சார்.”