சூசை இன்னும் சாகவில்லை

இதைச் சரியாகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது. நான் அஞ்சாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரைத் துடைக்கத் தெரியுமே தவிர, அது என்ன செய்யும் என்று தெரியாது. தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986-ல், கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு நான்தான் ஆயா. கம்ப்யூட்டர் ரூமைப் பெருக்குவதும் என் சோலி. ஒரு திங்கட்கிழமை, மேசைக்கு அடியில் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதம் கிடந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாலு பேருடைய பெயர்கள். நாலாவது, சூசை. என் பேர்.

சமையல்கார உபகாரம் அண்ணனிடம் ஓடினேன். அவர் எட்டாவது வரை படித்தவர்.

"மொத மூணு பேருக்கு நேரா 'செத்தாச்சு'ன்னு இங்கிலீசுல போட்டிருக்கு தாயி. யாரு இவளுக?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? என் பேருக்கு நேரா என்ன இருக்கு?"

"சாகலைன்னு இருக்கு." காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "இன்னும் சாகலை போல."

அந்த 'இன்னும்' காதில் விழுந்ததும் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"இது யாரு வேலைண்ணே?"

"மிஷின் சாவி யாருகிட்ட இருக்கு? கம்ப்யூட்டர் ரூமைப் பாத்துக்கிற பவுல்ராஜுகிட்ட. சனிக்கிழமையானா பொம்பளப் பிள்ளைகளைக் கூட்டி வச்சுக் கதவைச் சாத்திக்கிடுறான். உள்ள ஒரே 'கொல்லு, கொல்லு'ன்னு சத்தம். செய்வினைக்காரனும் எலுமிச்சம்பழத்தை விட்டுட்டு கரண்டுக்கு மாறிட்டான் போல."

அவர் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு இருமல் வந்திருந்தது. ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, காகிதத்தை மேட்ரன் தெரசம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

பிரின்சிபால் ரூமுக்கு என்னையும் மேட்ரனம்மாவையும் பவுல்ராஜையும் கூப்பிட்டார்கள்.

"என்ன பவுல்ராஜ் இது?"

"கதை விளையாட்டுங்க ஐயா. நான் கதை சொல்லுவேன். பிள்ளைக அதுக்குள்ள ராணியாவும் வீரனாவும் பேசுவாங்க. பூதம் அடிச்சா உயிர் குறையும். யாருக்கு எவ்வளவு அடின்னு முன்னால பகடை உருட்டினோம். மேட்ரனம்மா சூதாட்டம்னு பிடுங்கிக்கிட்டாங்க. அதான் உருட்டுறதையும் உயிர்க் கணக்கையும் மிஷினே பாத்துக்கிற மாதிரி எழுதிட்டேன். செத்ததெல்லாம் கதையில வர்ற ஆளுங்கதாங்க ஐயா."

"பாத்தீங்களா ஐயா!" என்றார் மேட்ரனம்மா. "சிலுவையடியில ஆண்டவரோட அங்கிக்காகச் சேவகர்கள் பகடை உருட்டினது போதாதுன்னு, இவன் மிஷினை விட்டு உருட்டுறான்!"

பிரின்சிபால் ஐயாவுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

"விளையாட்டுன்னா போகட்டும். ஆயா பேர் எதுக்கு? அதைச் சொல்லு, விட்டுடறேன்."

பவுல்ராஜ் என்னைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"சும்மா போட்டேங்க ஐயா."

"ஒரு பொம்பளை பேரைச் சாவுக் கணக்குல சும்மா போடுவியா? அந்தம்மா ரெண்டு நாளாச் சாப்பிடலை. சரி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேக்கவா?"

"வேண்டாங்க ஐயா!" என்று பதறினான். "அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் செஞ்சதுதான்."

குற்றமுள்ள நெஞ்சு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிரின்சிபால் ஐயாவுக்கும் அப்படித்தான் பட்டது. அவன் வேலை போய்விட்டது.

போன மாசம்தான் பெண்சாதியையும் கைப்பிள்ளையையும் பண்ணைக்காட்டிலிருந்து கூட்டி வந்து, அட்டுவம்பட்டியில் வீடு பிடித்திருந்தான். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். என்னைக் கண்டதும், "வர்றேங்க்கா" என்றான்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அடைக்கலமேரி வந்தாள். அந்த விளையாட்டு ஆடின பிள்ளைகளில் ஒருத்தி. அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"ஆயா, அந்த விளையாட்டுல அடிபட்டவங்க சூசை வீட்டுக்குப் போகணும். சூசை ரொட்டி குடுப்பாங்க. குறைஞ்ச உயிர் திரும்ப வந்துரும். அதனால சூசை மட்டும் எப்பவுமே சாகக் கூடாதுன்னு பவுல் அண்ணன் மிஷின்ல எழுதி வச்சாரு."

"ரொட்டின்னு ஏன்டி வச்சீங்க?"

"பிரேயருக்கு லேட்டானா மேட்ரனம்மா சாப்பாட்டை நிறுத்திடுறாங்கல்ல? அப்ப நீங்கதான கிச்சன்லருந்து எடுத்து, துணிக்கூடைக்குள்ள மறைச்சு வச்சுக் கொண்டு வந்து தர்றீங்க? நாங்கதான் அண்ணன்கிட்ட சொன்னோம். வெளியில தெரிஞ்சா உங்க வேலை போயிரும்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

மடித்த துணி கையிலேயே இருந்தது. எனக்கு முன்னால் இருந்த ஆயாவை, கிச்சனிலிருந்து ரெண்டு துண்டு கேக் எடுத்ததற்காக வேலையை விட்டு அனுப்பிய பள்ளிக்கூடம் இது.

"நான் பிரின்சிபால் ஐயாகிட்ட எல்லாத்தையும் சொல்லிரட்டா ஆயா? அண்ணன் திரும்ப வந்துருவாரு. உங்களை ஒண்ணும் செய்ய வேண்டாம்னு கால்ல விழுந்து கேக்கிறேன்."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"நாளைக்குச் சொல்லலாம் தாயி. இப்பப் போய் முகத்தைக் கழுவு."

அன்று சாயங்காலமே மேட்ரனம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "அந்த அடைக்கலமேரி கிச்சன்ல ரொட்டி திருடுதுங்கம்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். கேட்டா வாய் கூசாமப் பொய் சொல்லும், நம்பிராதீங்க."