ஓடும் நிலையில் ஒரு ஜீப்

“ஆயில் ஃபில்டர் உன் பாதியில இருக்கு. நீதான் மாத்தணும்.”

“எஞ்சின் என் பாதிதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த எஞ்சின் இழுக்கலேன்னா—”

“பேச்சை மாத்தாதக்கா—”

“—இழுக்கலேன்னா உன் பின்சக்கரம் தானா உருளுமா? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிடா இது!”

தம்பியிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. அதற்குள் ஜீப்புக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது.

“ரெண்டு பேருல யாராவது அந்த ஸ்க்ரூடிரைவரையும் சுத்தியலையும் குடுங்க.”

அம்மாவின் கை. அறுபத்தெட்டு வயதுக் கை, பழைய ஆயிலை வடித்ததில் முழங்கை வரை கறுப்பு.

தம்பி சுத்தியலைக் கொடுத்தான். அக்கா ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தாள். ஆளுக்கு ஒன்று, கணக்கு சரி.

அப்பா தன் உயிலில் வீட்டை அம்மாவுக்கு எழுதினார். ‘ஓடும் நிலையில் உள்ள ஜீப்பை’ பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதியாக எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். விற்க அக்காவுக்கு மனமில்லை. விட்டுக்கொடுக்கத் தம்பிக்கு மனமில்லை. ஏழு மாதம் இருவரையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வக்கீல், “அப்ப ரெண்டா வெட்டி எடுத்துட்டுப் போங்க!” என்று கத்தினார்.

இருவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு வெல்டர் வருகிறார். இப்போது பத்தரை. முன்சீட்டின் முதுகுக்குப் பின்னால், கூரையிலிருந்து கதவு வழியாகக் கீழே வரை, சாக்பீஸால் கோடு போட்டாகிவிட்டது. கோடு இரண்டு விரல் அகலம் தன் பக்கம் தள்ளி வந்திருக்கிறது என்று தம்பிக்கு ஒரு சந்தேகம். அக்காவுக்கும் அதே சந்தேகம், தன் பக்கம்.

அம்மா இன்று காலையில்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள். ஃபில்டர் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, ஆயில் தார் மாதிரி கிடக்கிறது, இதை ஓடும் நிலை என்று எந்தக் கோர்ட்டு ஒத்துக்கொள்ளும் என்று கேட்டாள்.

யார் மாற்றுவது என்ற பேச்சு அப்போது ஆரம்பித்தது. அது முடிகிற வழியாக இல்லை என்று தெரிந்ததும் அம்மா ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

அம்மாவுக்குத் தெரியாத வண்டியா. நாற்பது வருடம் மலைத் தோட்டங்களுக்கு நாற்றுக்கூடை ஏற்றிப் போன ஜீப். ஓட்டியது அம்மா. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார், அதுவும் தப்பாக.

ணங். ணங். கைக்குத் திரும்பாத ஃபில்டரின் விலாவில், பிடித்துத் திருகுவதற்காக ஸ்க்ரூடிரைவர் இறங்கியது.

“உங்கப்பா ஸ்பேனர் போட்டு முறுக்கி வச்சதுக்கு நான் படுறேன்,” என்றது அடியிலிருந்து வந்த குரல். பிறகு ஒரு முனகல். ஒரு வழியாகக் கழன்றது.

எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய ரப்பர் வளையத்தை அம்மா நகத்தால் நெம்பி வெளியே எறிந்தாள். அது உருண்டு வந்து கோட்டுக்கு நேர் கீழே படுத்தது.

“அது என் பக்கம்,” என்றாள் அக்கா.

“முக்கால்வாசி என் பக்கம்,” என்றான் தம்பி.

அம்மா புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கிவிட்டு, வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகம் இன்னும் கறுப்பானது. புது ஆயிலை ஊற்றினாள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஜீப் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஆயிலுக்கான சிவப்பு விளக்கு அணைந்தது.

“லீக் இருக்கான்னு கொஞ்சம் ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். முட்டுக் குடுத்த கல்லை எடுங்க.”

முன்சக்கரக் கற்களை அக்கா எடுத்தாள். பின்சக்கரக் கற்களைத் தம்பி எடுத்தான்.

“கேட்டைத் திறடா.”

கேட் முன்பக்கம் இருக்கிறது, ஆகவே அக்காதான் திறக்க வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றியது. ஆனாலும் போய்த் திறந்தான். எப்படியும் வெல்டருக்குத் திறந்துதானே ஆகவேண்டும்.

இரண்டு பாதிகளும் சேர்ந்தாற்போல் வெளியே போயின.

தெரு முனையில் இடது பக்கம் திரும்பினால் ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்துவிடலாம். ஜீப் வலது பக்கம் திரும்பி, மலைக்கு ஏறும் பாதையைப் பிடித்தது.

“மேடு ஏறினாத்தான் எஞ்சின் நல்லா சூடாகும்,” என்றாள் அக்கா.

தம்பிக்கும் அப்படித்தான் பட்டது. ஜீப்பை வெட்டுவதற்கு அடுத்தபடியாக, ஏழு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

பத்து ஐம்பது ஆனது. பதினொன்று ஆனது. எஞ்சின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கவில்லை.

ஜீப் நின்ற இடத்தில் சாக்கு கிடந்தது. அதன்மேல் பழைய ஃபில்டர், விலாவில் ஓட்டையோடு. ஃபில்டரின் தலையில் அம்மாவின் சாவி வளையம் இருந்தது.

எப்போதும் இரண்டு சாவி தொங்கும் வளையம். இப்போது வீட்டுச் சாவி மட்டும் இருந்தது.

அக்கா சாவியைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். பிறகு ஒருவர் மற்றவரின் காலைப் பார்த்தார்கள், யார் முதலில் அடியெடுத்து வைக்கிறார் என்று.

திறந்து கிடந்த கேட் வழியாக சிலிண்டர் வண்டியை இழுத்துக்கொண்டு வெல்டர் உள்ளே வந்தார். காலி முற்றத்தைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

“எதைங்க ரெண்டா வெட்டணும்?”