வம்சத்துக் கழுத்து

"கழுத்துல ரெண்டு கட்டி இருக்கற பொண்ணு எங்க வம்சத்துக்குச் சரிப்படாது டாக்டர்."

மாப்பிள்ளையின் அப்பா ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார். கல்யாணத்துக்கு முன்பு அவரும் மருமகளாக வரப்போகிறவளும் ஒரே நாளில் உடல் பரிசோதனை செய்திருந்தார்கள்.

டாக்டர் படித்தார். "தைராய்டுல சின்னக் கட்டிங்க. நிறையப் பேருக்கு இருக்கும். இது பயப்படற மாதிரி இல்ல. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாத்தா போதும்."

"ஏழு தலைமுறையா எங்க வீட்டுல யாருக்கும் கிடையாதே."

"யாராவது ஸ்கேன் எடுத்திருக்காங்களா?"

டாக்டரின் பார்வை ரிப்போர்ட்டின் மேல்வரிக்குப் போனது.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"இதுல அறுபத்தெட்டு, ஆண்னு இருக்கே."

இரண்டு ரிப்போர்ட்டில் குறை உள்ளது அவளுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணி, அதிலிருந்த பெயரைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை. அவர் கை மெல்லத் தன் கழுத்துக்குப் போனது.

"டாக்டர், பயப்பட ஒண்ணுமில்லன்னீங்களே, அத சம்பந்திகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கல்யாணம் நின்னுடப் போகுது."