முழு ஆளையும் பார்க்கணும்

செண்பகனூர்க் குளிரிலும் ஜெபக்குமாருக்கு வேர்த்துக் கொட்டியது. எம்.ஏ. வரலாறு சேர்க்கைக்கான நேர்காணல். எதிரே உட்கார்ந்து ஸ்வேதா கோப்பைப் புரட்டினாள்.

“மார்க்கு, பட்டமெல்லாம் சரிங்க. அத மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது. முழு ஆளையும் பாக்கணும். நடுவுல ரெண்டு வருசம் ஒண்ணுமே காணலையே?”

“உடம்புக்கு முடியாம கெடந்தேங்க.”

“சிபாரிசுக் கடுதாசி?”

பங்குச் சாமியார் எழுதித் தந்தது கை மாறியது.

“கோவம் வருமா?”

“வெள்ளனே காப்பி குடிச்சிட்டா வராதுங்க.”

“பாதியில விட்டுட்டுப் போயிட்டா?”

“சத்தியமாப் போகமாட்டேங்க.”

“சரி, வெளிய இருங்க. சொல்றேன்.”

வராந்தாவில் காத்திருந்த உதவிப் பேராசிரியர் சகாயராணி பதறி எழுந்தாள். “என்னாச்சு சார்? பாச்சலூர்ப் பிள்ளை ஸ்வேதா சேருமா?”

“தெரியலம்மா. இந்த வருசம் நமக்கு வந்ததே அந்த ஒரு அப்ளிகேஷன்தான். அதுவும் போச்சுன்னா துறையை மூடிருவாங்க.”

துறைத்தலைவர் ஜெபக்குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“வாத்தியாருக எப்படின்னு பாத்துட்டுத்தான் சேருமாம். அடுத்து நீங்கதான், வெரசா உள்ள போங்க. சிபாரிசுக் கடுதாசி கொண்டாந்திருக்கீங்கள்ல?”